தூக்கி வீட்டார்

வினோலியாவின் மகள் ஜெஸ்ஸியைப் பெண் பார்க்க வந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை வாழப்பாடிப் பையன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவனுடைய அம்மா, வினோலியா செய்த கேசரியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பேச்சு நல்லபடியாக முடிந்து எல்லாரும் காபி டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்தில், அவர்களோடு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் வினோலியாவின் அப்பா தோமினிக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு அவர் பெரியப்பா முறை. சின்ன வயதில் சேலத்தில் இதே தேவாலயப் பங்கில் இருந்தவராம். அடையாளம் பிடிபட்ட சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க தூக்கி ஊட்டுக்காரங்கதானே?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பங்கில் பழைய குடும்பங்களுக்கெல்லாம் ஒரு பட்டப்பெயர் உண்டு. செக்கு வீடு, மணியடிக்கிறவர் வீடு, பெரிய வாசல் வீடு. அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கேட்டுவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து தோமினிக்குக்கு இடது கால் சரியாக ஊன்றுவதில்லை, பேச்சும் நிதானமாகத்தான் வரும். கைத்தடியைத் துழாவி எடுத்து, மெல்ல எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். பாவம், உடம்பு முடியாதவர் என்று வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

வினோலியாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அப்பாவின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு சொல் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. வேதபாட வகுப்பில் மற்றப் பையன்கள் கழுத்தைச் சாய்த்து நாக்கை வெளியே நீட்டிக் காட்டுவார்களாம். தோமினிக்கின் பாட்டன்களில் எவனோ ஒருத்தன் வெள்ளைக்காரக் கும்பினி காலத்தில் களவு செய்து அகப்பட்டு, சங்ககிரியில் தூக்கில் தொங்கினான், அதனால்தான் தூக்கி வீடு என்று ஊர் சொன்னது. வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை. மறுக்க அவர்களிடம் வேறு கதை இல்லை. தோமினிக் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஒரு ஸ்பானரைக்கூட வீட்டுக்கு இரவல் கொண்டுவந்ததில்லை. சக வேலைக்காரர்கள் அதை நேர்மை என்றார்கள். அது பயம் என்று அவர் ஒருமுறை மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெரியவர் கேட்டுவிட்டுப் போன பிறகு அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வினோலியாவுக்கு மனசு பொறுக்கவில்லை. உண்மையிலேயே களவாணியாக இருந்தால்தான் என்ன, அதையும் தெரிந்துகொண்டு விட்டுவிடலாம், தெரியாமல் இப்படிக் கூனிக் கிடப்பதுதான் கொடுமை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எங்கே போய்த் தேடுவது? அப்பாவுக்குத் தெரிந்த மூத்த பெயர் அவருடைய கொள்ளுத்தாத்தா சூசை. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. வழக்கம்போல வினோலியாவும் அவள் கணவன் சேவியர்ராஜும் முதல்நாளே போய்க் குடும்பத்துக் கல்லறைகளைக் கழுவினார்கள். சூசையின் கல்லறை மூலையில் இருந்தது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து, மேலே இருந்த சிலுவையே மொழுமொழுவென்று ஆகியிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை சேவியர்ராஜ் சுண்ணாம்புக்குப் பதில் பெயின்ட் அடிக்கலாம் என்று பழைய பூச்சைச் சுரண்டினார். அவர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அடியில் எழுத்து தட்டுப்பட்டது. வினோலியா தண்ணீர் ஊற்றித் துடைத்துப் படித்தாள். பெயர் சூசை என்று இருந்தது. பெயருக்கு மேலே, ஊர் என்ற இடத்தில், புதுச்சத்திரம் என்று இருந்தது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் அந்த ஊரை அவள் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறாள். ஒருநாளும் இறங்கியதில்லை.

வினோலியா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அடுத்து லீவு கிடைத்த சனிக்கிழமை, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள். ஏதாவது அசிங்கமாக வெளிப்பட்டால் தன்னோடு போகட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

புதுச்சத்திரத்தில் இறங்கி ரோட்டோரத்து டீக்கடையில் விசாரித்தாள். கடைக்காரர் சண்முகவேலுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும், ஆனால் சூசையைத் தெரியவில்லை. வேதக்காரங்க குடும்பம் இங்கே எப்போது இருந்தது என்று அவரே திருப்பிக் கேட்டார். வினோலியா டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் தயங்கினாள். பிறகு, வாய் கூசினாலும், எங்கள் வீட்டுக்குத் தூக்கி வீடு என்று ஒரு பெயர் உண்டு, அதை இந்தப் பக்கம் யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டாள்.

"தூக்கியான் கல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்க. சென்னம்மாக்கா காட்டுல. ஊடு தெரியலைங்க எனக்கு."

தூக்கில் போட்ட இடத்தில் கல் நட்டு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் வினோலியா நினைத்தாள். சேலத்துக்குப் போகிற பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது. ஏறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தாள். பஸ் போய்விட்டது. அவள் சண்முகவேல் காட்டிய மண்பாதையில் நடந்தாள்.

காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்கு நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அம்மாள் நின்றாள். ஐம்பதைத் தாண்டிய வயது. அதுதான் சென்னம்மாள். எந்த ஊர், யார், எதற்கு வந்தது என்று கேட்டுவிட்டு, கல்லைத்தானே பார்க்க வேண்டும், வா அம்மிணி என்று முன்னால் நடந்தாள்.

காட்டின் கடைசியில், ஒரு வேம்பின் அடியில் இடுப்பளவு உயரத்தில் கல் நின்றது. எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கறுத்து மினுங்கியது. நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. வினோலியா குனிந்து பார்த்தாள். தூக்குமரம் இல்லை, கயிறு இல்லை. ஒரு ஆள் நடந்து போகிறான். அவன் முதுகில் இன்னொரு ஆள். முதுகில் இருப்பவனின் கைகள் நடப்பவனின் கழுத்தைக் கட்டியிருக்கின்றன. தினமும் உடைந்த எலும்புகளைப் பார்க்கிற கண் அவளுடையது. அது நேராக அந்தக் காலுக்குத்தான் போனது. முதுகில் இருந்தவனுக்கு ஒரு கால் முழங்காலோடு நின்றுவிட்டிருந்தது.

"இவங்க யாருங்க?" என்று கேட்டாள்.

சென்னம்மாள் வேம்பின் வேரில் உட்கார்ந்து சொன்னாள். முதுகில் இருப்பவர் வீரன், அவர்கள் குடும்பத்து மூத்த பாட்டன். திப்புவின் காலம் முடிந்து கும்பினி ஆட்சி கால் ஊன்றிய நேரம். பாளையக்காரர்கள் அடங்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றார்கள். அந்தப் படையோடு சேர்ந்து சண்டை போட இந்த ஊரிலிருந்து கொஞ்சம் பேர் போனார்கள். சங்ககிரிப் பக்கம் நடந்த மோதலில் குண்டு பட்டு வீரனுக்குக் கால் சிதறிவிட்டது. படை கலைந்து ஆளுக்கொரு திக்காக ஓடியது. செத்தவன் என்று அவரை எல்லாரும் விட்டுவிட்டுப் போக, ஒரே ஒரு ஆள் திரும்பி வந்து அவரைத் தூக்கிக்கொண்டான். பகலில் சோளக்காட்டுக்குள் படுத்துக்கொண்டு, இருட்டினால் நடந்து, திருமணிமுத்தாற்றைத் தாண்டி, வீரனை அவருடைய அம்மாவின் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். காலை எடுத்துவிட்டார்கள், உயிர் தங்கிவிட்டது.

"எங்க பாட்டனுக்குக் கல்யாணமே அதுக்கப்புறந்தானுங்க ஆச்சு. அவரு தூக்கிட்டு வரலீன்னா எங்க வம்சமே இல்லைங்க. நானு இல்லை, எம்மகன் இல்லை, இந்தக் காடு வேற யாரு கையிலயோ இருக்கும். மாசி மாசம் நோம்பியப்ப மொதக் கும்புடு தூக்குனவருக்குத்தான். எங்க பாட்டனுக்கு ரெண்டாவதுதானுங்க."

வினோலியாவும் அந்த வேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கினவருக்குப் பெயர் உண்டா என்று கேட்டாள்.

"ஆண்டிங்க. நோம்பியில பாடற பாட்டுல வருது. தூக்கியாண்டின்னும் சொல்லுவாங்க. அவரு இங்க இருக்கலைங்க, பொஞ்சாதி புள்ளைங்களோட சேலத்துப் பக்கம் போயிட்டாருன்னு பேச்சு. நாங்களும் தேடிப் பார்த்தோம், தடம் கெடைக்கலை."

ஆண்டி. வினோலியா தனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சூசை, அந்தோணி, மரியநாதன், தோமினிக். ஆண்டி என்று யாரும் இல்லை. ஊர் ஒத்துப்போகிறது, பட்டப்பெயர் ஒத்துப்போகிறது, ஆனாலும் வேறு யாருடைய பாட்டனையோ ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சென்னம்மாளிடம் சொல்லவும் செய்தாள். சென்னம்மாள் அவசரப்படவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பார், எங்களுக்குக் காத்திருந்து பழக்கம்தான் என்று சொல்லி, கல்லைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள், தன் நம்பரையும் கொடுத்தாள். திரும்பும்போது ஒரு பை நிறையக் கிழங்கும் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டில் தோமினிக் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். வினோலியா டிவியை அணைத்துவிட்டு, போயிருந்த இடத்தைச் சொன்னாள். அவர் முகம் இறுகியது. அவள் ஒன்றும் விளக்காமல் போனைக் கையில் கொடுத்தாள். அவர் நல்ல கையால் படத்தைப் பெரிதாக்கினார். நடப்பவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கதையைச் சொன்னாள். சண்டை, கால், சோளக்காடு, ஆறு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஆனால் அவர் பெயர் ஆண்டியாம் அப்பா, நம்ம வீட்டில்தான் அப்படி ஒரு பெயர் இல்லையே என்றாள்.

தோமினிக் போனை மெல்ல மடியில் வைத்தார்.

"என் பேரு அதுதான்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"எங்கம்மா என்னைத் தோமினிக்னு கூப்பிட்டதே இல்ல. ஊட்டுல ஆண்டிதான். எங்கப்பாவையும் அவரோட அம்மா ஆண்டின்னுதான் கூப்புடுமாம். மூத்த பையனுக்கு அப்படி ஒரு பேரு. ஏன்னு யாருக்கும் தெரியாது. கோயில்ல ஒரு பேரு, ஊட்டுல ஒரு பேரு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஜெர்ரி பொறந்தப்ப அம்மா அவனையும் ஆண்டின்னு கொஞ்சுச்சு. நாந்தான் வேணாம்னுட்டேன். இந்தப் பழசெல்லாம் என்னோட போகட்டும்னுட்டேன்."

ஜெர்ரி வினோலியாவின் அண்ணன். ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் பிறந்த கொஞ்ச நாளில் பாட்டி இறந்துவிட்டாள், அதனால் வினோலியாவின் காதில் அந்தப் பெயர் விழ வழியே இல்லை. அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தோமினிக் அழுதார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுவது வழக்கம்தான். இது வேறு என்று வினோலியாவுக்குத் தெரிந்தது. அவள் தடுக்கவில்லை. அவளே சென்னம்மாளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கே கூட்டிக்கொண்டு வா சாமி என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து எல்லாரும் காரில் கிளம்பினார்கள். சேவியர்ராஜ் ஓட்டினார். தோமினிக் வெள்ளை வேட்டி கட்டி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஜெஸ்ஸி மாப்பிள்ளைப் பையனுக்குப் போனில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிக்கொண்டே வந்தாள். அவனுடைய பெரியப்பாவுக்கும் இதைச் சொல்லச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

சென்னம்மாளின் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. அவள் மகன் வளவன், மருமகள் கயல்விழி, இன்னும் அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. தோமினிக் காரிலிருந்து இறங்கியதும் சென்னம்மாள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பதறிப்போய்த் தடியை விட்டுவிட்டார். சேவியர்ராஜ் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

முதலில் கல்லைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஆனால் இரவு மழை பெய்திருந்தது. கிழங்கு பிடுங்கிய காடு சேறும் குழியுமாகக் கிடந்தது. நல்ல காலோடு நடப்பவர்களே வழுக்கினார்கள். தோமினிக் வரப்பு ஓரத்தில் தடியை ஊன்றிப் பார்த்தார், தடி சேற்றுக்குள் இறங்கியது. இன்னொரு நாள் வரலாம் என்று வினோலியா சொன்னாள். நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

வளவன் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோமினிக்கின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்து உரமேறிய முதுகு.

"ஏறுங்க பெரியப்பா."

"வேணாம் தம்பி. நான் கனம்."

"இருக்கட்டுமுங்க. கழுத்தை நல்லாப் பிடிச்சுக்குங்க."

தோமினிக் மகளைப் பார்த்தார். பிறகு தடியை அவளிடம் கொடுத்துவிட்டு வளவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவன் எழுந்து சேற்றில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தான். வினோலியா தன் கையில் இருந்த தடியையும், அப்பாவின் தொங்குகிற இடது காலையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவளுக்குக் கண் மறைத்தது. இரண்டு தடவை குழியில் கால் விட்டாள்.

கல்லுக்கு முன்னால் வளவன் அவரை இறக்கினான். தோமினிக் கல்லின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டியது. நடப்பவனின் உருவத்தை விரலால் தடவினார். எதுவும் கேட்கமாட்டார் என்று எல்லாரும் நினைத்தபோது, சென்னம்மாளின் பக்கம் திரும்பி, இவர் ஏன் இந்த ஊரில் இருக்காமல் போனார் என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவர், கும்பினிச் சிப்பாய்கள் தேடி வந்தார்கள், வீரனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் போனார் என்றார். பாட்டிலும் அப்படித்தான் வருகிறதாம். சென்னம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அப்படியும் இருக்கலாமுங்க. ஆனா அவரு வேற ஆளுங்க, ஊருக்கு வெளியில இருந்தவரு. தூக்கிட்டு வந்தவருக்கு அந்த வாசல்ல தண்ணி கூடக் குடுத்திருப்பாங்களோ என்னமோ. எனக்கு அதுதான் நெனப்பு. ஊரு வெச்சுக்கலைங்க அவரை."

தோமினிக் தலையசைத்தார். அவருக்கு அது புது விஷயமாகத் தெரியவில்லை. கல்லின் மேல் இருந்த காய்ந்த வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அப்படி இருந்தும் திரும்பி வந்து தூக்கியிருக்கிறாரே என்று தனக்குத்தானே மெதுவாகச் சொன்னார். சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஜெஸ்ஸி வீடியோ போனில் ஜெர்ரியைக் கூப்பிட்டாள். அவன் அங்கே ஒரு கடையின் பின்வாசலில் நின்று கல்லைப் பார்த்தான். தோமினிக் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பச் சொல்லி, "ஆண்டி, நல்லாப் பாருடா," என்றார். அவனுக்கு அந்தப் பெயர் புரியவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன் என்று வினோலியா சொன்னாள்.

சாப்பாடு சென்னம்மாளின் வீட்டுக் கூடத்துக்குள் போட்டிருந்தது. வாசலில் பந்தல் போட்டு எல்லாருக்கும் அங்கேயே போட்டுவிடலாம் என்று ஒரு உறவுக்காரர் காலையில் சொன்னாராம். உள்ளேதான் என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாளாம். கயல்விழி இதை வினோலியாவின் காதில் சொல்லிவிட்டு இலை எடுக்கப் போனாள். தோமினிக்குக்குக் கீழே உட்கார முடியாது என்பதால் பெஞ்சு போட்டு அவருக்கு முதல் இலை. நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை, இனிப்புக் கச்சாயம், கெட்டித் தயிர். சென்னம்மாள் தானே பரிமாறினாள்.

ஜெஸ்ஸியும் சேவியர்ராஜும் சோற்றில் கை வைக்காமல் தோமினிக்கைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது வீட்டில் அவர் வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு நீளமான ஜெபங்கள் அவருக்கு மறந்துபோயிருந்தன. அவர் கையைக் கூப்பினார். கூடத்தில் இருந்த மற்றவர்களும், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல், கையைச் சோற்றுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார்கள். சென்னம்மாள் குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

"ஆண்டவரே," என்றார் தோமினிக். அடுத்த வார்த்தைக்கு நேரம் பிடித்தது. "இந்தச் சோத்துக்கு நன்றி. எங்க பாட்டனுக்கு நீர் குடுத்த முதுகுக்கு நன்றி. எங்க பேரை எங்களுக்கே தெரியாதபோது, இவங்க கிட்ட குடுத்துப் பத்திரமா வெச்சிருந்தீரே, அதுக்கு நன்றி. இந்த ஊடு நல்லா இருக்கணும். ஆமென்."

"ஆமாங்க," என்றாள் சென்னம்மாள்.

ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். தோமினிக்கும் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் அது நல்ல சிரிப்பு. சென்னம்மாள் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வினோலியாவைப் பார்த்தாள். ஒன்றும் தப்பில்லை அக்கா, ரெண்டும் ஒன்றுதான் என்றாள் வினோலியா. அப்படியானால் சரி என்று சென்னம்மாள் குனிந்து, தோமினிக்கின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.